குணமானவர்களின் கோப்பைகள்

நீங்கள் வாங்கிக் கொடுத்த தேநீரை நான் தொடவில்லை என்று தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள், இன்ஸ்பெக்டரம்மா. அடுத்தவர் போட்ட தேநீர் எனக்குத் தொண்டையில் இறங்காது. ஊருக்கே நான் போட்டுக் கொடுத்துப் பழகிவிட்டேன், அதனால் வந்த கொழுப்பு. இதில் இஞ்சியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வாசலில் நிற்கிற காவலர் வந்ததிலிருந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கிறார், பாவம், அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன், எனக்கு மறைக்க ஒன்றுமில்லை.

நான் ஆஸ்பத்திரி நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வீட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது எங்கள் பிரார்த்தனைக் கூடத்தின் போதகர் வந்தார். வயதில் என் கடைசித் தம்பியைவிடச் சின்னவர், அதனால் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். நல்ல பிள்ளை. "சிஸ்டர், நம்ம ஜனங்க உடம்புக்கு முடியலைன்னா முதல்ல என்கிட்டதான் ஓடி வர்றாங்க. நான் ஜெபம் பண்றேன். ஆனா டாக்டரைப் பாருங்க, மாத்திரையைப் போடுங்கன்னு சொல்ல ஒரு ஆள் வேணும். நான் சொன்னா எடுபட மாட்டேங்குது. நீங்க சொன்னா கேப்பாங்க," என்றார். கூடத்தை ஒட்டி ஓர் அறை இருந்தது. கிழிந்த பாய்களும் கால் ஒடிந்த நாற்காலிகளும் போட்டு வைத்திருந்தார்கள். அதை நானே கழுவி, சுண்ணாம்பு அடித்து, ஒரு மேசை, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, சர்க்கரை பார்க்கும் கருவி, ஓர் அடுப்பு எல்லாம் வைத்தேன். வாசலில் 'நலவாழ்வு அறை' என்று எழுதி மாட்டினோம்.

அடுப்பு எதற்கு என்று கேட்டீர்கள். காலை ஜெபத்துக்கு வருகிறவர்கள் வெறும் வயிற்றோடு வருவார்கள். முடிந்ததும் சூடாக ஒரு வாய் கொடுத்தால், அப்படியே உட்கார்ந்து கையை நீட்டி அழுத்தம் பார்த்துக்கொள்வார்கள். தேநீர் இல்லாவிட்டால் ஒருத்தரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார்கள். கைராசி என்று ஒன்று இருக்கிறதில்லையா, என் தேநீருக்கு அது உண்டு. நான் பெருமைக்குச் சொல்லவில்லை, அவர்கள் சொன்னதைச் சொல்கிறேன்.

இப்போது ஒலிபெருக்கி அண்ணனிடம் வருகிறேன். பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு மைக் தேவையில்லை. அவர் ஆமென் சொன்னால் அடுத்த தெருவில் தூங்குகிற குழந்தை எழுந்துவிடும். அதனால் வந்த பெயர். நல்ல மனுஷன், ஆனால் மூக்கின் மேல் கோபம். தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டாள் என்று ஒரே மகளைத் தலைமுழுகியவர். அவருடைய மனைவி, நாங்கள் அக்கா என்போம், வாயில்லாப் பூச்சி. மகள் பேச்சை எடுத்தாலே வீட்டில் தட்டு பறக்கும்.

அண்ணனுக்குச் சர்க்கரை நோய் முற்றியிருந்தது. ஒரு நாள் ஆராதனையில் எழுந்து நின்று, "என் சர்க்கரை போயிடுச்சு. நேத்து ஜெபத்துல ஒரு சூடு உச்சந்தலையில இறங்கி உள்ளங்காலு வரைக்கும் போச்சு," என்று சாட்சி சொன்னார். சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து, முன்னால் இருந்த காணிக்கைக் கூடையில் போட்டுவிட்டார். கூடமே அழுதது. எனக்கும் கண் கலங்கியது, ஒத்துக்கொள்கிறேன்.

தம்பிக்குத்தான் முகம் வெளிறிவிட்டது. கூடையை என் கையில் கொடுத்து, "சிஸ்டர், நான் மாத்திரையை நிறுத்தச் சொல்லவே இல்ல. நீங்க பக்குவமா பேசி அவர்கிட்ட திருப்பிக் கொடுத்துடுங்க," என்றார்.

மறுநாள் பேசினேன். "அண்ணே, குணம் ஆனது ஆனதுதான். மாத்திரை ஒரு பக்கம் இருக்கட்டுமே," என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நேத்து ராத்திரி என் மககிட்ட போன்ல பேசினேன் சிஸ்டர். எத்தனை வருஷம் கழிச்சு. ஆண்டவர் எனக்கு இவ்வளவு செஞ்சிருக்கார், நான் ஒரு மன்னிப்பு கேக்கக் கூடாதான்னு தோணிச்சு. மறுபடியும் மாத்திரை போட்டா, அப்ப நடந்தது எல்லாம் பொய்யின்னு ஆயிடாதா?" என்றார். பின்னால் அக்கா நின்றுகொண்டிருந்தார். அந்த அம்மா சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நீங்களே சொல்லுங்கள், அந்தச் சிரிப்பைப் பிடுங்க எனக்கு மனசு வருமா? மாத்திரையைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார் தம்பி. நான் திருப்பிக் கொடுக்கத்தான் செய்தேன். என் வழியில் கொடுத்தேன். அவருக்கென்று சிவப்புப் பூ போட்ட ஒரு கோப்பை வாங்கிக் கொக்கியில் மாட்டினேன். "அண்ணே, இது உங்க கோப்பை, வேற யாரும் தொடக் கூடாது," என்றதும் சின்னப் பிள்ளைபோலச் சந்தோஷப்பட்டார். இஞ்சி தூக்கலாக இருந்தால் நாக்குக்கு வேறு எதுவும் தெரியாது.

சர்க்கரை பார்த்தோம். அருமையாக இருந்தது. கருவி பொய் சொல்லுமா? தம்பிகூடக் கருவியில் வந்த எண்ணை இரண்டு தடவை பார்த்தார். பாவம், அவருக்கு நம்பவும் பயம், நம்பாமல் இருக்கவும் பயம். அண்ணன் அந்த எண்ணை ஆராதனையில் முழங்கினார். "தொட்டவர் தொட்டார், தொட்ட கை சும்மா போகல," என்றார். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து என் கையைப் பார்த்துக்கொண்டேன். விரல்களில் இஞ்சி வாசனை அடித்தது.

அதற்குப் பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. ஒருத்தர் குணமானால் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் ஆசை வராதா? பாட்டுக் குழுவில் மேளம் அடிப்பவர் ரத்த அழுத்தம் போய்விட்டது என்று எழுந்தார். மளிகைக்கடை அம்மா வலிப்பு போய்விட்டது என்றார். இன்னும் சிலர். எல்லோரும் அட்டை அட்டையாகக் கூடையில் போட்டார்கள். தம்பி ஒவ்வொரு தடவையும் கூடையை என்னிடம் கொடுத்துக் கும்பிடாத குறையாகக் கெஞ்சுவார். நான் ஒவ்வொரு தடவையும், "பேசிட்டேன் தம்பி, வாங்கிக்கிட்டாங்க," என்பேன். அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. ஒரு மாத்திரைகூட வீணாகவில்லை. தீர்ந்தால் நானே வாங்கிக்கொள்வேன், மருந்துக்கடைக்காரருக்கு என்னைப் பழைய நாளிலிருந்தே தெரியும். கொக்கியில் கோப்பைகள் கூடிக்கொண்டே போயின. நீலக் கோடு, பச்சை இலை, மஞ்சள் வாத்து. காலையில் வெயில் அந்த ஜன்னல் வழியாக வந்து கோப்பைகள்மேல் விழுகிற அழகைப் பார்க்க வேண்டுமே நீங்கள். நான் பாடிக்கொண்டேதான் தேநீர் போடுவேன்.

ஆஸ்பத்திரியில் ஆயுசு முழுக்க வேலை பார்த்தேன். பிழைத்துப் போகிறவர்கள் டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். படுக்கையை மாற்றியவளை யார் திரும்பிப் பார்த்தார்கள்? எனக்கு அதில் வருத்தமே கிடையாது. இங்கேயும் என் பெயரை யாரும் சாட்சியில் சொன்னதில்லை. எனக்கு அது தேவையும் இல்லை.

அப்புறம் அண்ணன் மகளுக்குப் பிரசவம் வந்தது. முதல் பிரசவம், அப்பாவும் அம்மாவும் வந்து கூட இருக்க வேண்டும் என்று கூப்பிட்டாள். தலைமுழுகிய மகள் கூப்பிடுகிறாள், அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு மாதம் தங்கப் போகிறேன் என்றார். ஒரு மாதம் யார் தேநீர் கொடுப்பது? இரவெல்லாம் யோசித்து, இஞ்சித் தூளில் பொடித்துக் கலந்து ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். "அக்கா, அண்ணனுக்குத் தினமும் காலையில இதுல ஒரு கரண்டி, அவருக்கு மட்டும்," என்று படித்துப் படித்துச் சொன்னேன். என்னால் முடிந்ததைச் செய்தேன்.

அக்கா டப்பாவை அடுக்களை அலமாரியிலேயே மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். பேரப்பிள்ளைக்குத் தைத்த துணியை மட்டும் மூட்டை மூட்டையாக எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். பாட்டி ஆகப்போகிற அவசரம், யாரைக் குறை சொல்வது?

ஒரு மதியம் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். மகள் போன் செய்தாள். "சிஸ்டர், அப்பா குடம் குடமா தண்ணி குடிக்கிறார். எப்பப் பார்த்தாலும் படுத்தே கிடக்கிறார். பாப்பா பிறந்த சந்தோஷத்துல ஸ்வீட் வேற நிறைய சாப்பிட்டார். பழைய சர்க்கரை திரும்பி இருக்குமோ?" என்றாள்.

அப்போதுதான் டப்பா போய்ச் சேரவில்லை என்று எனக்குப் புரிந்தது. என் கையில் மஞ்சள் வாத்துக் கோப்பை இருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ஒரு வார்த்தை எங்கே போய் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவர் அழைத்துப் பேசிய மகள், அக்காவின் சிரிப்பு, கூடத்தில் எழுந்து நின்ற அத்தனை பேர், அத்தனை கோப்பைகள். "அதுதான் போயிடுச்சே கண்ணு," என்றேன். "பயணக் களைப்பு. பழச்சாறு குடு, தெம்பா இருப்பார்."

வேறு என்ன சொல்வது? சர்க்கரை இல்லாதவருக்குப் பழச்சாறு நல்லதுதானே.

மறுநாள் மறுபடி கூப்பிட்டாள். "பேச்சு குழறுது சிஸ்டர். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா?" என்று அழுதாள். அழுகிற பிள்ளையை முதலில் தேற்ற வேண்டும், அது எங்கள் தொழிலின் முதல் பாடம். ஆஸ்பத்திரிக்குப் போனால் முதல் வேலையாக ரத்தம் எடுப்பார்கள். அதுவும் எங்கள் தொழில்தான். "பச்சை உடம்புக்காரி, நீ அலையாதே. அப்பா நல்லாத் தூங்கட்டும், காலையில பார்த்துக்கலாம். நாங்க இங்கே ஜெபம் பண்றோம்," என்றேன். பண்ணினோம். நான்தான் எல்லோரையும் கூட்டினேன். முட்டி வலிக்க வலிக்க மண்டியிட்டேன். அவ்வளவு உருக்கமாக நான் என்றுமே ஜெபித்ததில்லை.

காலையில் அண்ணன் எழுந்திருக்கவில்லை. அந்த ஊர் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, வயதானவர், இதயம் நின்றுவிட்டது என்று எழுதிக் கொடுத்தார். நான் அழுதேன். சத்தியமாக அழுதேன், அவர் குரல் இல்லாத கூடம் எவ்வளவு அமைதி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆனால் நினைவு ஆராதனையில் அக்கா எழுந்து, "சர்க்கரை இல்லாம, ஒரு மாத்திரை இல்லாம, மக மடியில சுகமா போனார்," என்று சொன்னபோது மனசு நிறைந்துவிட்டது. அவருடைய சாட்சிக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. எத்தனை பேருக்கு அப்படி ஒரு சாவு வாய்க்கும்?

மற்றது உங்களுக்குத் தெரியும். அக்கா வீட்டுக்குத் திரும்பி, துக்கம் விசாரிக்க வந்தவர்கள் போன பிறகு, அலமாரியில் இருந்த இஞ்சித் தூளைப் பார்த்திருக்கிறார். அண்ணன் ஞாபகமாக அதில் ஒரு தேநீர் போட்டுக் குடித்திருக்கிறார். மயங்கி விழுந்தவரை அடுத்த வீட்டார் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைத்துக்கொண்டார், புண்ணியம். சர்க்கரையே இல்லாத பெண்ணின் ரத்தத்தில் சர்க்கரை மாத்திரை எப்படி என்று ஒரு டாக்டரம்மா துருவியிருக்கிறார். கெட்டிக்காரி. என் காலத்தில் அப்படித் துருவுகிறவர்கள் குறைவு.

ஆக, நான்தான். அண்ணனுக்குத் தெரியாமல் கொடுத்ததும் நான்தான், தெரிந்தே அவரைப் போக விட்டதும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் அந்த இன்னொரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். எந்தக் கோப்பை யாருடையது, யாருக்கு என்ன கொடுத்தேன் என்று. கோப்பைகளையெல்லாம் கொக்கியிலிருந்து கழற்றி அட்டைப் பெட்டியில் அள்ளிக்கொண்டு வந்துவிட்டீர்கள், இனி என் தலைக்குள் மட்டும்தான் அது இருக்கிறது. தம்பி வெளியே உட்கார்ந்து அழுவது கேட்கிறது. மேளக்காரருக்கு நேற்றிலிருந்து தலை சுற்றுகிறதாம், மளிகைக்கடை அம்மா கீழே விழுந்தாராம். சரியாகத் தூங்கியிருக்க மாட்டார்கள். நான் வாயைத் திறந்தால் அவர்கள் மனசு என்ன பாடுபடும் என்று எண்ணிப் பாருங்கள். நாளைக் காலை ஜெபத்துக்கு என்னை விட்டால் ஒரு வாய் தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன். விடமாட்டீர்கள், தெரியும்.

பரவாயில்லை. நீங்கள் வீணாகப் பதறாதீர்கள். மாத்திரையை அவர்கள் கூடையில் போட்டு எவ்வளவு காலமாகிறது, ஒருத்தருக்காவது ஏதாவது ஆயிற்றா? அவர்கள் எல்லோரும் குணமானவர்கள், இன்ஸ்பெக்டரம்மா. வாரம் தவறாமல் நானே என் கையால் சோதித்துப் பார்த்திருக்கிறேன்.