பிரேக் டிரம் வாசித்தவன்

வண்டியில் என்ன கோளாறு என்று கேட்டால் யாரும் சரியாகச் சொல்வதில்லை. சத்தம் வருகிறது என்பார்கள். என்ன சத்தம் என்றால் வாயைக் குவித்து ஏதோ செய்து காட்டுவார்கள். நான் சிரிக்க மாட்டேன். பானெட்டைத் திறந்து காது கொடுப்பேன். கேட்பதுதான் என் பிழைப்பு, ஐயா. பேச்சு எனக்கு வராது. என் மனைவி மகள் வீட்டோடு போனபோது, "பதிலே சொல்லாத மனுஷன்கிட்ட எத்தனை நாளைக்குப் பேசுறது?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அதற்கும் நான் பதில் சொல்லவில்லை.

அதன் பிறகு ஒர்க்‌ஷாப் மாடியிலிருந்த ஒற்றை அறைதான் எனக்கு வீடு. ஷட்டரை இறக்கிவிட்டால் ஈ, காக்கா சத்தம் கிடையாது. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. ஏதாவது ஒன்று சத்தம் போடட்டும் என்று அதைச் சரிசெய்யாமல் விட்டிருந்தேன்.

அந்த மூன்று பேரும் ஒரு பழைய வேனை ரிப்பேருக்குக் கொண்டுவந்தார்கள். கிட்டார் வாசிக்கிற அண்ணன், டிரம்ஸ் வாசிக்கிற அவன் தங்கச்சி, பேஸ் கிட்டார் வாசிக்கிற நெட்டை. நெட்டை என்பது மற்ற இருவரும் வைத்த பெயர். எந்த வாசலிலும் குனிந்துதான் நுழைவான். பின்பக்கம் காலியாகக் கிடந்த ஷெட்டைப் பார்த்துவிட்டு, சாயந்திரங்களில் இங்கே வாசித்துப் பழகலாமா என்று அண்ணன் கேட்டான். தலையாட்டினேன்.

அவர்கள் வாசித்தது பழைய டெக்னோ பாட்டுகள். மெஷினை வைத்துப் போட்ட பாட்டுகளை இவர்கள் கையாலும் காலாலும் வாசிப்பார்கள். பெரும்பாலும் பாடுவதற்கு வார்த்தையே கிடையாது. அது எனக்குத் தோதாக இருந்தது. தங்கச்சியின் வலது கால் பெரிய டிரம்மில் ஒரே சீராக இறங்கும், நன்றாக டியூன் செய்த இன்ஜின் நின்ற இடத்தில் ஓடுகிற மாதிரி. நெட்டை நாலே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்ப உருட்டுவான். அதற்கு மேல் கிட்டார் அலறும். அக்கம்பக்கத்தார் ஜன்னலைச் சாத்தினார்கள். நான் ஒரு நாற்காலி வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

ஒரு பாட்டில் இரும்பைத் தட்டுகிற மாதிரி சத்தம் வர வேண்டியிருந்தது. கையில் கிடைத்ததையெல்லாம் தட்டிப் பார்த்தார்கள், அமையவில்லை. கழித்துப் போட்ட பிரேக் டிரம் ஒன்றை, சக்கரத்துக்குள் இருக்கிற இரும்புச் சட்டி அது, நான் கயிற்றில் தொங்கவிட்டு ஸ்பேனரால் தட்டினேன். மூவரும் திரும்பினார்கள்.

"இதேதான் அண்ணா. நீங்களே தட்டுங்க," என்றாள் தங்கச்சி.

அன்றிலிருந்து நாங்கள் நாலு பேர். வெளியில் மூன்று பேர் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒருமுறை வாசித்துப் பழக வேறு இடம் பார்க்கப் போவதாகப் பேசிக்கொண்டார்கள். போக வேண்டிய அன்று வேன் கிளம்பவில்லை. ஒரு வயரைக் கழற்றி வைத்திருந்தேன், அவ்வளவுதான். மழை வேறு. டீயும் ரொட்டியுமாக ஷெட்டிலேயே உட்கார்ந்திருந்தோம். அம்மா போனபின் அண்ணன்தான் தலை பின்னிவிட்டுத் தன்னைப் பள்ளிக்கூடம் அனுப்பினான், சொந்தம் என்று எட்டிப் பார்க்கக்கூட ஆள் இல்லை என்று தங்கச்சி சொல்லிக்கொண்டிருந்தாள். என்னிடம் அதுவரை யாரும் அப்படி மனம்விட்டுப் பேசியதில்லை. மழை விட்டதும் வயரை மாட்டிவிட்டேன். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

பிறகு மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய ஊரிலிருந்து ஓர் அரங்கத்தார் கூப்பிட்டார்கள். வாரந்தோறும் வாசிக்கலாம், அங்கேயே தங்கிக்கொள்ளலாம். அண்ணன் இதைச் சொன்னதும், எப்போது கிளம்புகிறோம் என்று கேட்டேன். நானாக ஒரு கேள்வி கேட்பது அபூர்வம். அண்ணன் நெட்டையைப் பார்த்தான்.

"உங்களுக்கு எதுக்கு அண்ணா இந்த அலைச்சல்?" என்றான் நெட்டை. "அந்த பிரேக் டிரம் சத்தத்த ரெக்கார்ட் பண்ணி வச்சிட்டோம். பட்டன அமுக்கினா வந்துடும்."

அன்பாகத்தான் சொன்னான். மெஷின் பாட்டைக் கையால் வாசிக்கிறவர்கள், என் கையை மட்டும் மெஷினுக்குள் போட்டுக்கொண்டார்கள். நான் சரி என்றேன். கோபம் வந்ததா என்று முன்பே கேட்டீர்கள். வரவில்லை, ஐயா. ஷெட் மறுபடி எப்படி இருக்கும் என்று மட்டும் யோசித்தேன்.

கிளம்புமுன் வேனை ஒருதரம் பார்த்துக் கொடுக்கச் சொன்னார்கள். இன்ஜின் ஆயில் மாற்றினேன். டயரில் காற்றுப் பார்த்தேன். பிரேக் குழாயின் நட்டை இளக்கினேன். கொஞ்சம்தான். பிரேக் ஆயில் சொட்டுச் சொட்டாகக் கசியும், பெடல் தளரும், ஏற்றம் தொடங்குமுன்பே ஓரங்கட்டிவிட்டு எனக்குப் போன் செய்வார்கள் என்பது என் எண்ணம். போய் இழுத்துக்கொண்டு வந்துவிடலாம். ரொட்டிகூட வாங்கி வைத்திருந்தேன். பிரேக் ஆயில் குறைந்தால் ஸ்டியரிங் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரியும். பிள்ளைகள் பயந்துவிடுவார்களே என்று அதன் வயரையும் கழற்றிவிட்டேன்.

போன் வந்தது. செய்தது ஒரு போலீஸ்காரர். மலையின் அந்தப் பக்கத்து இறக்கத்தில், வளைவில், பிரேக் பிடிக்காமல் வேன் உருண்டு, அண்ணனும் நெட்டையும் அங்கேயே போய்விட்டார்கள். தங்கச்சி பிழைத்தாள். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் நீங்கள் யார் என்று கேட்டார்கள். அண்ணன் என்றேன். அவள் என்னை அப்படித்தானே கூப்பிடுகிறாள்.

என் அறையை அவளுக்குக் கொடுத்துவிட்டு நான் கீழே படுத்துக்கொண்டேன். சமைத்துக் கொடுத்தேன். தலை பின்னக் கற்றுக்கொண்டேன். டிரம் பெடலை இடது காலுக்குத் தோதாக மாற்றிச் செய்துகொண்டிருந்தபோதுதான் அவள் கேட்டாள்.

"அண்ணா, கிளம்புறதுக்கு முன்னாடி பிரேக்க நீங்கதானே பாத்தீங்க?"

"ஆமா."

"சரியாத்தானே இருந்துச்சு?"

எனக்குப் பொய் வராது. நட்டையும் சொன்னேன், விளக்கையும் சொன்னேன். அவர்கள் மூவரும் திரும்பி வர வேண்டும் என்றுதான் செய்தேன் என்றும் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் பேசியதே இல்லை. அவள் அழவில்லை. என் கையிலிருந்த பெடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, போனில் சார்ஜ் இல்லை, போட்டுத் தர முடியுமா என்று கேட்டாள். போட்டுத் தந்தேன். அதில் ஸ்டேஷனுக்குப் பேசி உங்களைக் கூப்பிட்டிருக்கிறாள் என்பது நீங்கள் வந்து ஷட்டரைத் தட்டியபோதுதான் தெரிந்தது. அதிர்ச்சியில் செய்துவிட்டாள், பாவம். எனக்கு வருத்தமில்லை.

நட்டை இளக்கியது நான். விளக்கின் வயரைக் கழற்றியதும் நான். எங்கே வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இருட்டுவதற்குள் விட்டுவிட்டால் மட்டும் போதும், ஐயா. அவளால் இன்னும் தனியாகப் படி இறங்க முடியாது. சாப்பாட்டை மேலே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். உலகத்தில் அவளுக்கு என்னை விட்டால் வேறு யாரும் இல்லை.