சேற்றுக்குச் சோறிட்டவர்

இன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்தது, நம் தலைமைப் பொறியாளருக்குப் போன் போட்டதுதான். வெளியே மழை. மழை என்றால் அவரைக் கூப்பிட வேண்டும். என் கைக்கு அப்படியொரு பழக்கம். அவர் மனைவி, நம் அண்ணி, எடுத்தார். "மழை பெஞ்சா நீ கூப்பிடுவேன்னு தெரியும்மா. அதான் இதை ஆஃப் பண்ணல" என்றார். மழைச் சத்தம் இரண்டு பக்கமும் கேட்டது.

மேடையிலுள்ள பெரியவர்களே, இந்த நினைவேந்தலுக்கு வந்திருக்கும் வடிகால் பிரிவுத் தோழர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, வணக்கம்.

அறைக்கதவுப் பலகையில் அவர் தலைமைப் பொறியாளர். நமக்கோ சகதியார்! கூட்டத்துக்கு எல்லோரும் கோப்போடு வருவோம்; அவர் காலில் சேற்றோடு வருவார்.

தெருவில் ஓடும் மழைநீர் தோட்டத்து உரத்தையும் குப்பையையும் வாரிக்கொண்டு ஏரிக்குப் போகிறது. அதிலுள்ள நைட்ரஜனைத் தின்று பாசி கொழுக்கிறது. மீன் செத்து மிதக்கிறது. அதைத் தடுக்க அவர் இயந்திரம் கேட்டாரா? ரசாயனம் கேட்டாரா? இல்லை! ஏரிக்கு முன்னால் ஆழமில்லாத குளங்களை வெட்டினார். நாணல் நட்டார். தண்ணீரை மெல்ல நடக்கவிட்டார்.

முதல் வருடம் அவர் செய்த தவறை அவரே சொல்லிச் சிரிப்பார். மேலதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள் என்று காய்ந்த நாணலை அறுத்து, அடிச்சேற்றையும் வாரச் சொல்லிவிட்டார். "தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கே!" என்று வந்தவர்கள் கைகுலுக்கினார்கள். அடுத்த மழையில், உள்ளே வந்த நைட்ரஜன் அப்படியே வெளியே போனது. ஏரி பச்சையாகிவிட்டது.

பரிசோதனை முடிவைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "ஏம்மா, காத்துப் போகாத அந்தச் சேத்துக்குள்ளதான் நம்ம கிருமிங்க வேலை பாக்குது. நைட்ரஜனை வெறும் காத்தா மாத்தி மேல அனுப்புது. சம்பளம் கேக்கல, லீவு கேக்கல. காஞ்ச நாணல்தான் அதுங்களுக்குச் சாப்பாடு. நான் சோத்தையும் பிடுங்கிட்டேன், வீட்டையும் இடிச்சுட்டேன்!"

அண்ணி விடுவாரா? "வீட்டுல ஒரு தட்டைக் கழுவினதில்ல. இப்போ அழுக்கு நல்லதுன்னு வேற கண்டுபிடிச்சாச்சா? இனிமே இந்த மனுஷனைப் பிடிக்க முடியாது!"

அறுத்த நாணலைத் தானே சுமந்துபோய், முழங்கால் சேற்றில் நின்று திரும்பப் பரப்பினாரே, அந்த மனிதரை இனி எங்கே பார்ப்போம்? குளத்து நீர் வெளியேறும் இடத்தில் குனிந்து, பரிசோதனைக்குப் பாட்டிலில் தண்ணீர் பிடித்து நிமிர்கிறேன். வாங்கிக்கொள்ள ஒரு கை நீள வேண்டும். நீளவில்லையே! "ஏம்மா" என்று ஒரு குரல் வர வேண்டும். வரவில்லையே!

அவர் மறைந்த அதே வாரத்தில் ஒரு வரைபடம் வந்துவிட்டது. நாணலை அகற்றி, சேற்றை வாரி, நடுவில் நீரூற்று வைத்து அழகுக் குளம் ஆக்கப் போகிறார்களாம். அவர் செய்து திருத்திக்கொண்ட அதே தவறு! கூடாது என்று எழுதும் அதிகாரம் அவர் பதவிக்கு மட்டுமே உண்டு. அந்தப் பதவியோ இன்று காலி.

எனக்குத் தலைமை அலுவலகத்தில் பதவி உயர்வு கிடைத்ததற்கு நீங்கள் எல்லோரும் வாழ்த்தினீர்கள். வீட்டில் பெட்டி கட்டத் தொடங்கிவிட்டார்கள். கடைசி வரிசையில் இருக்கும் என் கணவருக்கும் இப்போதுதான் தெரியப்போகிறது.

இயக்குநர் அவர்களே, நான் போகவில்லை. சகதியாரின் வேலையை எனக்குக் கொடுங்கள்.