ஒன்பது கூடுகள்

பம்பிள்தேனீ லேசில் கொட்டாது, ஐயா. ரோமம் அடர்ந்த குண்டு உடம்பு, சாதுவான குணம். அதன் கூட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டிருக்கிறேன்.

நிறத்தை வைத்து இனத்தைச் சொன்னால் மோசம் போவோம். அதனால் அவற்றில் யாருக்கு யார் அக்கா, யார் ஒன்றுவிட்ட தங்கை என்று மரபணுவைப் படித்துச் சொல்வது என் வேலை. பன்னிரண்டு வருடத்துக்கு முன், ஒரே ஒரு மலையுச்சியில் இருந்த தேனீக்களைத் தனி இனம் என்று நிரூபித்தேன். அந்த வருடம்தான் எங்கள் மகள் காய்ச்சலில் போனாள். ஒன்பது வயது. இனத்துக்கு அவள் பெயரை வைத்தேன்.

என் மனைவிக்கும் என் ஆய்வகத்தில்தான் வேலை. அன்றைய மாதிரிகளில் பூச்சி அரித்ததுபோக ஒரு தேனீயின் ஒற்றைக் கால் மட்டும் மிச்சமிருந்தது. போன மாதம் அதை எடுத்து மறுபடி படித்தாள். மரபணுவின் பழுதான நகல் ஒன்று சில சமயம் உயிரணுவில் வேறிடத்தில் ஒட்டிக் கிடக்கும். நான் அன்று படித்தது அந்த நகலைத்தான், அதனால்தான் தனி இனமாகத் தெரிந்தது என்றாள்.

"இது அடிவாரத்துல பறக்குற சாதாரணத் தேனீதாங்க. மழை விட்டதும் போய் நாலு பிடிச்சிட்டு வந்து பாத்தா உறுதியாயிடும்."

"அப்ப பேரு?"

"எடுத்துடணும். அவளே இல்ல, பேரை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறோம்?"

அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மலையில் ஒன்பது கூடுகள். எல்லாம் எனக்கு அத்துப்படி. அவள் பிடிக்கக் கிளம்புவதற்கு முன்பே ஒன்பது விடியல்கள் போனேன். வாசலை அடைத்து, மருந்தில் நனைத்த பஞ்சை வைத்தால் போதும். ராணி, வேலைக்காரிகள், புழுக்கள், எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டேன். அதில் ஊறினால் உடம்பு அப்படியே இருக்கும், மரபணுவை மட்டும் படிக்க முடியாது. வெளியே தங்கிவிட்டவற்றுக்காக வலையோடு சாயங்காலம்வரை காத்திருந்தேன். மொத்தம் எழுநூற்றுப் பதினான்கு.

ஒவ்வொரு பாட்டிலிலும் தேதி, இடம், எண்ணிக்கை, அவள் பெயர். சீட்டு ஒட்டாமல் அலமாரியில் வைக்க எனக்குக் கை வராது. நீங்கள் என்னைப் பிடித்ததும் அந்தச் சீட்டுகளால்தான்.

வக்கீல் நேற்று வந்தார். "சார், அழியுற இனத்தைக் கொன்னதாத்தான் கேஸு. அது சாதாரணத் தேனீன்னு மேடம் எழுதிக் குடுத்துட்டாங்க. நீங்களும் ஆமான்னு ஒரு கையெழுத்துப் போட்டா கேஸே நிக்காது. வீட்டுக்குப் போயிடலாம்."

நல்ல மனிதர். என் மனைவியும் நல்லவள், என்னைக் காப்பாற்றத்தான் பார்க்கிறாள். ஆனால் அந்தக் காகிதத்தில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஒரு தகப்பன் செய்யக்கூடிய காரியமா அது?

நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அது தனி இனம். உலகத்திலேயே அந்த ஒரு மலையில்தான் இருந்தது. அதில் ஒன்றைக்கூட நான் விட்டுவைக்கவில்லை.