ஒருபொழுது

கம்பு களைய இந்தத் தண்ணீர் சரிப்படாது என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். விசாரணைக்கு வந்த நீங்கள் என் பெயரை இரண்டாம் முறை கேட்டது அதனால்தான் காதில் விழவில்லை. ஆஸ்பத்திரிக் குழாய்த் தண்ணீரில் மருந்து வாசனை அடிக்கிறது. எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் என்றால் கம்பு சீக்கிரம் தெளியும்.

பெயர் இந்திராணி. சத்தியவேட்டுப் பக்கத்தில் பள்ளிக்கூடத்துச் சமையல்காரி. நீங்கள் சொன்னபடியே, பள்ளிக்கூடத்திலிருந்து நீங்கள் கொண்டுவந்த மூட்டையில் மிச்சமிருந்த கம்பைக் களைந்து, குத்தி, உலையில் போட்டுவிட்டேன். வேகிற நேரத்துக்குள் சொல்லிவிடுகிறேன். உங்கள் குமாஸ்தா தெலுங்கில் எழுதிக்கொள்ளட்டும்.

ஏப்ரலில் எங்கள் ஊர் சென்னை ராஜ்யத்திலிருந்து ஆந்திராவுக்கு வந்தது. ஊர் இருந்த இடத்தில்தான் இருந்தது. அரிசிதான் நின்றுபோனது. பிள்ளைகளின் மதியச் சோற்றுக்கு அரிசி கொடுத்த குடியானவர்களின் களங்கள் ஊத்துக்கோட்டைப் பக்கம் இருந்தன. வண்டி வந்தால் செக்போஸ்ட்டில் திருப்பிவிட்டார்கள். அரிசி எல்லை தாண்டக் கூடாதாம். பழைய ஆபீசில் போய்க் கேட்டால், நீங்கள் இனி எங்கள் ஊர் இல்லை என்றார்கள். புதிய ஆபீசில், இப்படி ஒரு சாப்பாடு எங்கள் கணக்கிலேயே இல்லை என்றார்கள். அங்கிருந்த ஒருவர் மட்டும் மனம் இரங்கி, மேலதிகாரி தீபாவளிக்குப் பிறகு பார்வைக்கு வருவார், அதுவரை அடுப்பு எரிந்துகொண்டிருந்தால் தொடர்ந்து நடத்தச் சொல்லி எழுதுவார், அணைந்துவிட்டால் அவ்வளவுதான் என்றார்.

அதை ஊருக்கு வந்து சொன்னவர் நாராயணசாமி மாமா, சாப்பாட்டுக் கமிட்டித் தலைவர். என் மனசில் அந்த ஒரு சொல் உட்கார்ந்துவிட்டது. அடுப்பு எரிய வேண்டும்.

நான் புருஷனை இழந்தவள். அந்த அடுப்பு வருவதற்கு முன் என் கொழுந்தனார் வீட்டில் மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தேன். என் மகள் அலர்மேல்மங்கை அவர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு சாப்பிட்டாள். பள்ளிக்கூடத்தில் கரண்டி என் கையில் இருந்தது. பிள்ளைகள் தட்டைத் தூக்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்கள். யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. இது உங்களுக்குப் பெரிய விஷயமாகத் தெரியாது.

விதைக் கம்பு மூட்டைகளை வேளாண்மை ஆபீசிலிருந்து அனுப்பியிருந்தார்கள். மழை வரவில்லை, யாரும் விதைக்கவில்லை. வைக்க இடமில்லாமல் பள்ளிக்கூடத்துப் பின்னறையில் கிடந்தன. கம்பின் மேல் ரோஜா நிறத்தில் ஒரு பொடி. மூட்டையில் தெலுங்கில் எழுதியிருந்தது. எனக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. ஆனால் கீழே ஒரு மண்டையோடு போட்டிருந்தது. அதற்குப் படிப்பு தேவையில்லை.

அதைக் காட்டியபோது நாராயணசாமி மாமா சிரித்தார். "சர்க்கார் வெதைய நம்ம துன்னுடப் போறோம்னு பூச்சாண்டி காட்டறான் இந்திராணி. நம்ம வூட்டு வெதையில சாம்பல் போடலியா, வேப்பெலை போடலியா? பஞ்சத்துல கழுவித் துன்னோமே, யாரு செத்தா?"

அது உண்மைதான். எங்கள் பக்கம் விதைத் தானியத்தைச் சாம்பலிலும் வசம்புப் பொடியிலும் புரட்டி வைப்போம். சாப்பாட்டுக்குத் தானியம் போதாவிட்டால் அதையே நாலு தண்ணீரில் கழுவிச் சாப்பிடுவோம். நான் நாலு தண்ணீரோடு விடவில்லை. சிவப்புத் தண்ணீர் வெளுத்து, வெளுத்த தண்ணீர் கண்ணாடியாகும்வரை களைந்தேன். நிறம் போனால் பொடி போயிற்று. என்னைவிடச் சுத்தமாக யாரும் களைந்திருக்க முடியாது.

பிள்ளைகள் நன்றாகச் சாப்பிட்டார்கள். ஆவணி முழுவதும் வயிறு நிறையச் சாப்பிட்டார்கள். அதையும் எழுதச் சொல்லுங்கள்.

களையும்போது சிதறியதை என் கோழி பொறுக்கித் தின்னும். புரட்டாசி பிறக்கிற சமயம் அது சுவரில் முட்டி முட்டி நடந்தது. பிறகு ஒருநாள் கழுத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தது. கோழிக்குச் சீக்கு வருவது புதிதல்ல. நான் அதைச் சமைக்கவில்லை. குழி தோண்டிப் புதைத்தேன்.

எங்கள் குலதெய்வம் ஏழுமலையான். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஒருபொழுது இருப்போம். நாமம் இட்டு, வீட்டில் படைத்து, ஒருவேளைதான் சாப்பிடுவோம். இந்த வருஷம் மாதம் முழுவதும் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அலர்மேலையும் இருக்கச் சொன்னேன். அவளுக்கு எட்டு வயது. மற்றப் பிள்ளைகள் சாப்பிடும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

"அவுங்கல்லாம் துன்னுகினு இருக்காங்க. எனக்கு மட்டும் ஏம்மா இல்ல?"

"நீ ஒருபொழுதுடி."

வீட்டுக்குப் போனதும் அவளுக்குச் சோறு வடித்தேன். கடைசியாக வந்த அரிசியில் கொஞ்சம் என் பானையில் இருந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் போட்டால் ஒருநாளுக்கு வராது. எங்கள் இருவருக்கு வந்தது.

செங்கம்மாதான் முதலில் சொன்னாள். இரண்டாம் வகுப்பு. எப்போதும் முதல் ஆளாகத் தட்டோடு நிற்பவள். "அக்கா, வாயெல்லாம் மரத்துகினு கீது. துன்றது தெரியல." நான் உப்பு குறைந்திருக்கும் என்று இன்னும் கொஞ்சம் போட்டேன். மறுவாரம் அவள் கையிலிருந்து தட்டு நழுவியது. அதற்கடுத்து அவள் பேச்சு குடிகாரன் பேச்சுப்போல் ஆனது. மற்றப் பிள்ளைகள் அவளைப் போல் நடந்து காட்டிச் சிரித்தார்கள். சில நாளில் அவர்களில் சிலரும் அப்படி நடந்தார்கள், சிரிக்கவில்லை. கையால் எடுத்துச் சாப்பிட முடியாதவர்களுக்கு நானே ஊட்டினேன். ஒரு தாய்கூட அவ்வளவு பொறுமையாக ஊட்டியிருக்க மாட்டாள்.

ஏன் நிறுத்தவில்லை என்று கேட்கிறீர்கள். நிறுத்தினால் ஏன் நிறுத்தினாய் என்று கேட்பார்கள். அதுவரை போட்டது என்ன என்று கேட்பார்கள். போடுகிறவரை அது சோறு. தீபாவளியும் பக்கத்தில் வந்துவிட்டது. எனக்கும் ஒன்றும் தெரியவில்லை ஐயா, உள்ளே. செங்கம்மாவுக்கு வாய் மரத்ததுபோல.

மேலதிகாரி வந்தார். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அவர் அடுப்பைப் பார்க்கவில்லை, வரிசையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்தார். அன்றே எல்லோரையும் லாரியில் ஏற்றித் திருப்பதிக்குக் கொண்டுவந்தார்கள்.

செங்கம்மா நேற்று விடியற்காலையில் போய்விட்டாள் என்றீர்கள். இன்னும் சில பேருக்குக் கண் தெரியாது என்றீர்கள். நான் மறுக்கவில்லை. போட்டது நான்தான். ஆனால் விஷம் என்று தெரிந்து போட்டாய் என்று உங்கள் குமாஸ்தா எழுதிப் படித்துக் காட்டுகிறாரே, அது சரியில்லை. நான் களைந்துதான் போட்டேன். களைந்தால் போய்விடும் என்று முழுசாக நம்பினேன். ஏழுமலையான்மேல் சத்தியம்.

வெந்துவிட்டது. இறக்கிவிட்டேன். நீங்களே தட்டில் போட்டு என் முன்னால் வைக்கிறீர்கள். நிறம் பாருங்கள், ஒரு துளி சிவப்பு இல்லை.

"நீ களைஞ்சதுதானேம்மா. ரெண்டு வாய் சாப்டு. உன் வார்த்தைய அப்படியே எழுதிக்கிறேன்."

புரட்டாசி போய்க் கார்த்திகை பிறந்துவிட்டது என்று எனக்கும் தெரியும். தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன்.

"வேணாங்க ஐயா. நான் ஒருபொழுது."