மீன் கயிறு

ராத்திரி ஒம்பது மணி இருக்கும்... கனகபுரா தாண்டி காவேரிச் சங்கமத்துக்கு இறங்குற காட்டு ரோடு. முன்னாலயும் வண்டி இல்ல, பின்னாலயும் வண்டி இல்ல. ஒர்க்‌ஷாப்ல இரவல் வாங்கின ஜீப்பு ஒன்னு மட்டும் கடகடன்னு போகுது. உள்ள ஒரு புருஷன், ஒரு பொண்டாட்டி, மடியில நாலு வயசுப் பையன்.

மௌரீன், அந்த விளக்கைக் கொஞ்சம் இறக்கு, கண்ணு கூசுது. விடிஞ்சா நீங்க ரெண்டு வீட்டுக்காரங்களும் அதே ரோட்டுலதான போகப்போறீங்க? கூடாரம், தூண்டில், குழந்தைகுட்டின்னு. அதான் சொல்றேன். சேஷகிரி, சிரிக்கிறதுன்னா வெளிய போய்ச் சிரிச்சுட்டு வா.

இது என் சிநேகிதி சின்னத்தாயியோட அக்கா சந்திரம்மாவுக்கு நடந்தது. நம்ம நீலசந்திராவுலதான் வீடு. புருஷன் பேரு கோவிந்தன். அவனுக்கு மரியாதை குடுத்துப் பேச எனக்கு வாய் வராது, மன்னிச்சிக்கோங்க.

நாப்பத்தேழுல ஊரைக் காலி பண்ண துரை ஒருத்தரு, போகும்போது தன் தூண்டிலையும் கூடாரத்தையும் கோவிந்தன்கிட்ட குடுத்துட்டுப் போயிட்டாரு. அதோட இவனுக்கும் துரைங்கிற நெனப்பு வந்துருச்சு. லீவுன்னா காவேரிதான். மஹ்சீர் பிடிக்கணும். செதில் ஒவ்வொன்னும் உள்ளங்கை அகலம் இருக்குமே, அந்த மீன். அதுக்கு இரை என்னன்னு நெனக்கிறீங்க? ராகிக்களி. சோம்பு தட்டிப்போட்டுக் கிண்டி, எலுமிச்சம்பழம் அளவு உருட்டி, தூண்டில்ல குத்தணும். அந்த வருஷம், "நீங்களும் வாங்க, துரைமாருங்க குடும்பத்தோடதான் கேம்ப் போடுவாங்க"ன்னு பொண்டாட்டி புள்ளையையும் கூட்டிட்டுப் போனான்.

ஆத்தோரமே கூடாரம். அங்கயிருந்து தண்ணி எவ்வளவு கிட்டன்னு சந்திரம்மா காலாலயே அளந்து பார்த்தா. பையன் ரங்கா தூக்கத்துல எழுந்து நடக்கிறவன். ஜீப்புல ஒரு நல்ல கயிறு கிடந்துச்சு. ஒரு முனையைப் பையன் இடுப்புல கட்டினா, மறுமுனையைத் தன் மணிக்கட்டுல கட்டினா.

கோவிந்தன் பார்த்துட்டு, "புள்ளையா ஆட்டுக்குட்டியா? அது மீன் கயிறுடி"ன்னானாம்.

மீன் கயிறுன்னா... பெரிய மீன் சிக்கினா உடனே கொல்ல மாட்டாங்க. செவுள் வழியா கயிறு கோத்து, கரையில மரத்துவேர்ல கட்டித் தண்ணியிலயே விட்டுருவாங்க. விடியற வரைக்கும் உயிரோட கிடக்கும். ஊருக்குக் கொண்டுபோய்க் காட்டலாம், போட்டோ பிடிக்கலாம். துரைமாருங்க பழக்கம்.

சந்திரம்மா அவிழ்க்கல.

பையனுக்கு அது விளையாட்டாப் போச்சு. இருட்டுல கயித்தை இழுப்பான். 'அம்மா, இருக்கியா?'ன்னு அர்த்தம். இவ பதிலுக்கு இழுப்பா. 'இருக்கேன் கண்ணு, தூங்கு.' பதிலுக்கு இத்தனை தடவை இழுக்கணும்னு அவங்க ரெண்டு பேருக்குள்ள ஒரு கணக்கு. எத்தனைன்னு இப்ப கேக்காதீங்க. அந்தக் கணக்கு சரியா வந்தாத்தான் தூங்குவான்... இல்லேன்னா விடாம இழுத்துக்கிட்டே இருப்பான்.

"அப்பா, நான் மீனுக்கு ஊட்டுறேன்"னு அன்னைக்குச் சாயங்காலம் பூரா நச்சரிப்பு. "பெரிய மீன் வரட்டும், ஊட்டலாம்"னான் அப்பன். பையன் ஒரு ராகி உருண்டையை எடுத்துக் கையிலயே வச்சுக்கிட்டுத் தூங்கிட்டான்.

நடுராத்திரி... க்ர்ர்ர்ர்ர்...ன்னு தூண்டில் சக்கரம் அலறுது. மீன்! கோவிந்தன் போராடிப் போராடிக் கரைக்கு இழுத்துட்டான். நிலா வெளிச்சத்துல தகதகன்னு, பையன் உசரத்துக்கு மீன். கட்டணும். கயிறு?

கூடாரத்துக்குள்ள வந்தான். முடிச்சை அவிழ்த்தா அவ முழிச்சுப்பா, சண்டை போடுவா. தூண்டில்காரன் கத்தி இடுப்புல இருக்கே... பையன் பக்கம் ஒரு வெட்டு. இவ மணிக்கட்டுப் பக்கம் ஒரு வெட்டு. அவ்வளவுதான். மீனைக் கட்டினான். ஜீப்புல போய்ப் படுத்துத் தூங்கிட்டான் மகராசன்.

அப்புறம் ராத்திரி எப்பவோ சந்திரம்மாவுக்கு அரைத்தூக்கம். மணிக்கட்டுல கயிறு லேசா இழுபடுது. 'அம்மா, இருக்கியா?' கண்ணைத் திறக்காமலே பதிலுக்கு இழுத்தா. நின்னுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும்... இவளும் பதில் குடுத்தா. விடியவிடிய இப்படியே. புள்ள பத்திரமா இருக்கான்னு நிம்மதியாத் தூங்கினா.

விடிஞ்சு பார்த்தா பையன் இல்ல.

மணலைப் பார்த்தாங்க. சின்னக் கால்தடம்... நேரா மீன் கட்டின வேருக்குப் போகுது. ராத்திரியெல்லாம் அது துள்ளின சத்தம் கேட்டுப் போயிருக்கான். ஊட்டணும்ல? தெப்பக்காரரு ஒருத்தரு இறங்கித் தேடினாரு. "நோடபேடிம்மா, நோடபேடி... பார்க்காதீங்க"ன்னு கன்னடத்துல கெஞ்சினாராம். மீனுக்குப் பக்கத்துலயே கிடந்தான். மீன் மட்டும் உயிரோட இருந்துச்சு.

அப்பத்தான் சந்திரம்மா தன் கையைப் பார்த்தா. மணிக்கட்டுல முடிச்சு. முடிச்சுலயிருந்து ஒரு சாண் கயிறு. வெட்டுப்பட்டு அந்தரத்துல தொங்குது.

ஒரு சாண் கயித்தைப் பிடிச்சு இழுக்கணும்னா... பக்கத்துலயே உக்காந்துதான் இழுத்திருக்கணும்.

அந்த முனை நனைஞ்சிருந்துச்சு. அதுல ராகி... விரல்விரலா அப்பியிருந்துச்சு.

உசுரோட வந்து எழுப்பினானா, இல்ல எல்லாம் முடிஞ்சு வந்தானா... அந்தக் கேள்வியிலதான் அவ பாதி செத்தா. கோவிந்தனைக் கேளுங்க, ஒரே பதில்தான். துக்கம் கேக்க வந்தவங்ககிட்டயும் அதையேதான் சொன்னான். "அது மீன் கயிறுதானே... மீனுக்குன்னு கொண்டு போனதுதானே." என் காதால கேட்டேன்.

அவ அந்த முடிச்சை அவிழ்க்கல. வருஷக்கணக்கா அதோடதான் சமைச்சா, துவைச்சா. ஒரு ராத்திரி நான் துணைக்குப் படுத்திருந்தேன். சோம்பும் ராகியும் கலந்த வாசனை வந்துச்சு. முழிச்சேன். தொங்கவேண்டிய கயிறு... விறைப்பா நீட்டிக்கிட்டு நிக்குது. அவ தூக்கத்துலயே பதிலுக்கு இழுத்தா. தளர்ந்து விழுந்துருச்சு. காலையில கணக்கை எனக்கு மட்டும் சொன்னா, சத்தியம் வாங்கிக்கிட்டு.

போன வருஷம் கோவிந்தனுக்குப் பொறுக்கல. அவ தூங்குறப்ப அதே கத்தியால முடிச்சை அறுத்து அடுப்புல போட்டுட்டான். எரியும்போது மீன் வாசனை அடிச்சுதாம்.

அன்னையிலயிருந்து சந்திரம்மா நல்லா தூங்குறா.

அவன்தான் தூங்குறதில்ல. மணிக்கட்டைச் சுத்தி சிவப்பா ஒரு தடம். கயிறு இல்ல, ஒன்னும் இல்ல... கை மட்டும் கட்டிலுக்கு வெளிய நீளும். இழுபடும். இவனும் பதிலுக்கு இழுத்துப் பார்க்கிறான். ஒரு தடவை, அஞ்சு தடவை, பத்து தடவை. நிக்கல. எப்படி நிக்கும்? கணக்குத் தெரியாதே! "எத்தனை தடவைடி? சொல்லித் தொலைடி"ன்னு ராத்திரியெல்லாம் அழுவான். அவ சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவா.

போன மாசம் போயிருந்தேன். உள்ரூம்ல இருந்த அவன் கட்டில் வாசப்படிகிட்ட கிடக்கு. சிமெண்டுத் தரையில நாலு காலும் தேய்ச்ச கோடு... உள்ளயிருந்து வாசல் வரைக்கும். தினம் கொஞ்சம் கொஞ்சமா நகருதாம். வாசப்படி நனைஞ்சிருந்துச்சு.

"அக்கா, பாவம்க்கா, சொல்லிடேன்"னேன்.

அவ ராகிக்களி கிண்டிக்கிட்டு இருந்தா. சோம்பு தட்டிப்போட்டு. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கல.

"மீன் கயிறுதானே... விடும்மா"ன்னா.