அழுமூஞ்சி வண்டி

கார் வாங்குகிற மனிதர்கள் சீட் கவரின் நிறத்துக்கு ஒரு சாயங்காலம் முழுவதையும் செலவழிப்பார்கள், ஐயா. மனைவியைக் கேட்பார்கள், பிள்ளைகளைக் கேட்பார்கள், சில பேர் கடை வாசலிலேயே சண்டை போட்டுக்கொண்டு ஆளுக்கொரு திசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். அலாரம் என்று வந்தால் மட்டும், "நல்லதா ஒண்ணு மாட்டி விடுங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள். எனக்கு அது எப்போதுமே வருத்தம்தான். சீட் கவர் பிடிக்காவிட்டால் உருவிப் போட்டுவிடலாம். அலாரம் மாட்டுகிறவன் கையில் வண்டியின் கதவு, என்ஜின், விளக்கு, குரல் எல்லாம் இருக்கிறது. அவன் யார், எப்படிப்பட்டவன் என்று ஒருவரும் கேட்பதில்லை.

அத்தான் கேட்பார். அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். நீங்கள் விசாரிக்கிற ஆள் அவர்தான். காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் கிளை மேலாளர். எரிந்த கடை, காணாமல் போன வண்டி, உடைந்த பூட்டு என்றே நாளெல்லாம் பேசிப் பேசி, உலகத்தில் பாதிப் பேர் திருடர்கள், மீதிப் பேர் சந்தர்ப்பம் கிடைக்காதவர்கள் என்று முடிவுகட்டி வைத்திருந்தார். புது வண்டியை எடுத்ததும் ஷோரூமிலிருந்து நேராக என் கடைக்குத்தான் ஓட்டிவந்தார். இருக்கைகளின் மேலிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை.

"மாப்ளே, இருக்கிறதுலயே பெருசா ஒண்ணு மாட்டு. ஒருத்தன் தொட்டா ஊரே எழுந்துக்கணும்."

நான் பெட்டிகளை எடுத்து வைத்து ஒவ்வொன்றாக விளக்கினேன். சாதாரணமானது கதவைத் திறந்தால் மட்டும் அலறும். அடுத்தது, வண்டியைத் தட்டினாலும் அசைத்தாலும் அலறும். அதற்கும் மேலே ஒன்று உண்டு. வண்டிக்குள் ஏதாவது அசைந்தாலே பிடித்துக்கொள்ளும். கூடவே என்ஜினை நிறுத்தி, கதவுகளை இரட்டைப் பூட்டாகப் பூட்டும். கண்ணாடியை உடைத்துக் கையை உள்ளே விட்டாலும், உள்பக்கக் கைப்பிடி வேலை செய்யாது.

"அதான் வேணும்," என்றார் அத்தான்.

"அத்தான், உள்ள யாராவது இருக்கும்போது பூட்டிட்டா அவங்களாலயும் திறக்க முடியாது."

"உள்ள எவன் இருக்கப் போறான்? ரிமோட் எங்கிட்டதானே இருக்கும்?"

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும், ஐயா. கண்ணாடிகளுக்குக் கல்லெறிந்தாலும் சிதறாத கருப்பு ஃபிலிம் ஒட்டச் சொன்னதும் அவர்தான். நானாக ஒன்றையும் அவர் தலையில் கட்டவில்லை.

வேலை முடியும்வரை ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு என் கைகளையே பார்த்தார். டேஷ்போர்டைக் கழற்றி, வயர்களை வண்டியின் சொந்த வயர்களோடு சேர்த்துச் சுற்றினேன். வெட்டுத் தெரியாமல் டேப் ஒட்டுவதுதான் எங்கள் தொழிலில் மானம். கடைசியில் இரண்டு ரிமோட்டையும் வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"மூணாவது எதுவும் இல்லையே மாப்ளே? உன்னை நம்ப முடியாதுப்பா."

அவர் அதைக் கேட்கும்வரை மூன்றாவது ரிமோட் என்ற எண்ணமே எனக்கு வந்ததில்லை.

அந்தச் சிரிப்பைப் பற்றி நான் சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு. சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு நடுத்தெருவில் நிற்கிறவர்கள் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். நாங்கள் போய்த் திறந்துகொடுப்போம். நன்றி சொல்வார்கள், அடுத்த நொடியே அவர்கள் முகத்தில் ஒரு யோசனை ஓடும். இவ்வளவு சுலபமாகத் திறக்கிறானே என்று. மற்றவர்கள் அந்த யோசனையை விழுங்கிவிடுவார்கள். அத்தானுக்கு அது நகைச்சுவை. அக்கா வீட்டில் எந்த விசேஷத்துக்குப் போனாலும், நான் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து குரல் வரும். "சாவி வந்துட்டான், எல்லாரும் அவங்கவங்க பையைப் பத்திரமா வச்சுக்கோங்க." கூடம் முழுக்கச் சிரிக்கும். அக்காவும் சிரிப்பாள். சாவி என்பதே எனக்குப் பெயராகிவிட்டது. என் மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கூடச் சேர்ந்து சிரித்தாள். வளர்ந்த பிறகு சிரிப்பதை நிறுத்திக்கொண்டாள். அப்புறம் அங்கே வருவதையும் நிறுத்திக்கொண்டாள்.

அவளுக்கு ஒரு வரன் வந்தது. நல்ல இடம்; பையன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பெண்ணைப் பார்த்துப் பிடித்துப்போய்விட்டது. பையனின் அப்பா பெண் வீட்டைப் பற்றி விசாரிக்க அத்தானிடம் போயிருக்கிறார். மேலாளர் அல்லவா, சொல்லுக்கு மதிப்பு உண்டு. "அவன் கைக்குத் திறக்காத பூட்டு இந்த ஊர்லயே கிடையாதுங்க" என்று சொல்லி இவர் சிரித்தாராம். தரகர் வந்து சொன்னார். அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து ஃபோன் வரவில்லை. நரம்பில்லாத நாக்கு எதையும் பேசும், ஐயா. என் மகள், அவர்கள் பெண் பார்க்க வந்தபோது கட்டியிருந்த புடவையை மடித்து, அலமாரியின் அடித்தட்டில் வைத்தாள். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நேற்று நீங்கள் சொன்னீர்கள், அந்தப் பையனுக்கு வேறொரு பெண் மேல் விருப்பம் இருந்தது, அதனால்தான் நின்றது என்று அவன் அம்மாவே வாக்குமூலம் கொடுத்திருப்பதாக. பெற்ற தாய் மகனுக்காக என்ன வேண்டுமானாலும் சொல்வாள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அலாரத்துக்கு வருகிறேன். அதன் கூருணர்வைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு சின்னத் திருகாணி உண்டு. நான் அதைக் கடைசிவரை திருகி வைத்தேன். பூனை நடந்தால் அலறியது. லாரி போனால் அலறியது. மழைத்துளிக்கு அலறியது. அத்தான் தெருவில் பக்கத்து வீட்டுக்காரர் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்று கத்தினாராம். அலுவலகத்திலும் அதே கதைதான். அங்கே வண்டி நிறுத்தும் கட்டடத்தின் திறந்த மேல்தளத்தில், வெயிலில், ஒரு மூலையில்தான் அத்தான் நிறுத்துவார். அங்கே வேறு யாரும் வருவதில்லை என்பதால் அடுத்த வண்டியின் கதவு இவர் வண்டியில் இடிக்காது. அங்கிருந்து அது அழும். கீழே காவலாளிகள் அதற்கு அழுமூஞ்சி என்று பெயர் வைத்தார்கள். முதலில் ஓடிப்போய்ப் பார்த்தார்கள். பிறகு எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் அதுவும் இல்லை. புலி வருது, புலி வருது என்று கத்தியவன் கதையைச் சின்ன வயதில் எல்லோரும்தான் படித்திருக்கிறோம். அதில் ஒரு பாடம் இருப்பது யாருக்கும் நினைவிருப்பதில்லை.

அத்தான் மறுபடி மறுபடி வண்டியைக் கொண்டுவந்தார். நான் டேஷ்போர்டைத் திறந்து மூடி, "இப்ப சரியா இருக்கும் அத்தான்" என்பேன். இன்னொரு கடைக்குப் போயிருக்கலாம். போகவில்லை. சொந்தக்காரனிடம் வேலை வாங்குவதில் ஒரு சௌகரியம், அதிகாரம் செய்யலாம். வேறு காரணம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

மதியம் சாப்பிட்டதும் அவர் வண்டிக்குள்தான் தூங்குவார். மேலாளர் மேசையில் தலை சாய்ந்து தூங்கினால் மற்றவர்கள் பார்ப்பார்களே. ஏசியைப் போட்டுக்கொண்டு, இருக்கையைச் சாய்த்து, ஒரு குட்டித் தூக்கம். இதய மருத்துவர் ஓய்வெடுக்கச் சொல்லியிருந்தார் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். அன்று நான் மேல்தளத்துப் படிக்கட்டின் கதவருகே நிழலில் நின்றேன். அங்கிருந்து வண்டி நன்றாகத் தெரிந்தது. அவர் வண்டியைச் சரிசெய்யக் கொண்டுவந்த ஒரு தடவையில் நான் அதோடு இணைத்து வைத்த மூன்றாவது ரிமோட் சட்டைப்பையில் இருந்தது. ஒரு தடவைதான் அழுத்தினேன். என்ஜின் நின்றது, கதவுகள் பூட்டிக்கொண்டன. நல்ல பொருள், ஐயா. அதைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது.

ஏசி நின்றதும் கொஞ்ச நேரத்தில் அவருக்கு விழிப்பு வந்திருக்க வேண்டும். அவர் அசைந்ததும் வண்டி அலற ஆரம்பித்தது. கதவைத் தள்ளிப் பார்த்தார் போல. வண்டி லேசாக ஆடியது. பிறகு என் ஃபோன் அடித்தது. அவருக்குக் கூப்பிட எத்தனையோ பேர் இருந்தார்கள். என்னைத்தான் கூப்பிட்டார். மாட்டியவன் நான்தானே.

"மாப்ளே, வண்டி தானா பூட்டிக்கிச்சு. கதவு திறக்கல, ஸ்டார்ட்டும் ஆகல. கத்திக்கிட்டே இருக்கு."

"பதறாதீங்க அத்தான். உள்ள நீங்க அசையறதைத் திருடன்னு நினைக்குது. அசையாம உக்காருங்க. அசைவு நின்னாத்தான் அது பூட்டை விடும்."

அப்படியெல்லாம் கிடையாது. எந்த அலாரத்திலும் அப்படி ஒரு ஏற்பாடு இல்லை. ஆனால் இந்தத் தொழில் தெரியாதவர்களுக்கு அது நியாயமாகத்தான் படும். அவருக்கும் பட்டது. சைரன் நின்றது.

அந்த நேரத்தில் கீழேயிருந்து காவலாளி ஃபோனில் கூப்பிட்டார். வண்டிக் கண்ணாடியில் ஒட்டியிருந்த என் கடை ஸ்டிக்கரிலிருந்து நம்பரை எப்போதோ குறித்து வைத்திருந்தார். "அண்ணே, அழுமூஞ்சி மறுபடி ஆரம்பிச்சது, இப்ப நின்னுருச்சு. போய்ப் பாக்கணுமா?" வேண்டாம், வெயிலில் எதற்குப் படியேறி அலைகிறீர்கள் என்றேன். அந்த மனிதருக்கு முழங்கால் வலி. சந்தோஷமாக ஃபோனை வைத்தார்.

அத்தானிடம் தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தேன். தனியாக விட்டுவிட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது.

"மாப்ளே, ரொம்ப வேர்க்குதுடா. கண்ணாடியை உடைச்சிடவா?"

"உடைச்சிடாதீங்க அத்தான், புது வண்டி. நான்தான் வர்றேன்ல."

"தீயணைப்புக்குச் சொல்லட்டுமா?"

"அவங்க கதவையே அறுத்துடுவாங்க. கொஞ்சம் பொறுத்துக்கோங்க."

"சரி. நீ எங்க இருக்க?"

"பக்கத்துல."

அன்று நான் அவரிடம் சொன்னதில் உண்மை அது ஒன்றுதான். பிறகு என் மகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். "நம்ம பாப்பாவுக்கு ஒரு இடம் பாத்து வச்சிருக்கேன் மாப்ளே. எங்க ஆபீஸ் பையன். தங்கமான பையன். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா, பேசலாம்." குரல் தேய்ந்து தேய்ந்து வந்தது. தலைக்கு மேல் வெள்ளம் வந்த பிறகு எல்லோருக்கும் எல்லோர் மேலும் அன்பு வந்துவிடும். அந்த ஆபீஸ் பையனின் வீட்டுக்கு அவர் ஏற்கெனவே போய்ப் பேசியிருந்ததாக அக்கா உங்களிடம் சொல்லியிருக்கிறாள். கணவனுக்காக அவள் பரிந்து பேசுவது இன்று நேற்றல்ல.

அவர் பேச்சு நின்ற பிறகும் நான் ஃபோனைக் காதிலேயே வைத்திருந்தேன். பிறகு ரிமோட்டை அழுத்திக் கதவுகளை விடுவித்துவிட்டு, படியிறங்கிக் கடைக்குப் போனேன். ஒரு வாடிக்கையாளர் காத்திருந்தார். அவருக்கு சீட் கவர்.

மருத்துவர் மாரடைப்பு என்று எழுதிவிட்டார். ஃபோனில் என்ன பேசினீர்கள் என்று நீங்கள் கேட்டபோது, அலாரம் தொந்தரவு செய்கிறது என்றார், சரி செய்ய வருவதாகச் சொன்னேன் என்றேன். துக்க வீட்டில் நாற்காலி போட்டது, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தது எல்லாம் நான்தான். வண்டியை உங்கள் காவல் நிலையத்து வளாகத்தில் பூட்டி நிறுத்தினீர்கள். அங்கேயும் அது அழுதது. ஜீப் போனால் அழுதது, காக்கை உட்கார்ந்தால் அழுதது. தாங்க முடியாமல் ஸ்டிக்கரைப் பார்த்து என்னையே வரச் சொன்னீர்கள்.

அங்கேதான் தவறிவிட்டேன். எங்களுக்கு ஒரு கைப்பழக்கம். அலறுகிற வண்டியைப் பார்த்தால் பேசுவதற்கு முன்னால் அதன் வாயை அடைக்க வேண்டும். வாசலில் நுழையும்போதே சட்டைப்பையில் கைவிட்டு அழுத்திவிட்டேன். அது இரண்டு முறை கீச்சிட்டு அடங்கியது. நீங்கள் வெளியே வந்து வண்டியைப் பார்த்தீர்கள், பிறகு என் பையைப் பார்த்தீர்கள். அத்தானுடைய ரிமோட்டுகள் இரண்டும் உறைபோட்டு உங்கள் மேசையில் இருந்தன. நான் மறுக்கவில்லை. மறுப்பதற்கு என்ன இருக்கிறது? பூட்டினேன், பேசிக்கொண்டே நின்றேன், அவர் சாகும்வரை திறக்கவில்லை. கையெழுத்துப் போடுகிறேன்.

இந்தப் புகைப்படத்தை மட்டும் எதற்குத் திரும்பத் திரும்பக் காட்டுகிறீர்கள் என்று புரியவில்லை. ஆமாம், அவர் இருக்கையின் பக்கத்தில் ஒரு இரும்புத் தடி இருக்கிறது. திருடர்களுக்குப் பயந்து வைத்திருந்திருப்பார். கை எட்டுகிற தூரம்தான். நாலு போடு போட்டிருந்தால் அந்த ஃபிலிமும் கிழிந்திருக்கும், கண்ணாடியும் போயிருக்கும். அவர் தொடவில்லை. இரண்டு கைகளையும் மடியில் வைத்து, நான் சொன்னபடி அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். உன்னை அவ்வளவு நம்பியிருக்கிறாரே என்கிறீர்கள்.

உங்களுக்கு அவரைத் தெரியாது, ஐயா. வண்டி மேல் இருந்த ஆசை அது. அந்த மனிதர் என்னை ஒருநாளும் நம்பியதில்லை. ஒரே ஒரு தடவை நம்பியிருந்தால், நான் கதவைத் திறந்துவிட்டிருப்பேன்.