டார்ச் பிடித்தவள்

— வீடு பார்க்க நாலு மணிக்கு ஆள் வர்றாங்க. புரோக்கர் இப்பத்தான் போன் பண்ணினார். வா, ஹாலைக் கொஞ்சம் ஒதுங்க வைக்கலாம்.

— இருங்க. வீட்டை விக்கிறதுன்னு எப்ப முடிவாச்சு?

— காலையில பாத்ரூம் குழாய் கையோட வந்துச்சே, அப்ப.

— ஒரு குழாய்க்காக ஒரு வீடா? நல்லா இருக்கு கதை.

— பாயிண்டுக்கு வா. பையன் வேலைக்குன்னு கிளம்பிப் போய் ஏழு மாசம். அதுக்குள்ள ஃபேன் ரெகுலேட்டர், காலிங் பெல், மிக்ஸி, அயர்ன் பாக்ஸ், அலமாரிக் கீல், இப்பக் குழாய். ஆலையில முந்நூறு மிஷினைக் கட்டி மேய்ச்சவன் நான். எதுவும் இந்த வேகத்துல கெட்டதில்லை. கட்டடத்துக்கு வயசாயிடுச்சு.

— கட்டடத்துக்கா, உங்களுக்கா?

— ரெண்டுக்கும்னே வச்சுக்க. வித்துட்டுப் பையன் ஊர்லயே சின்னதா ஒண்ணு பார்த்துக்கலாம். அவனும் வாங்கப்பா, வாங்கப்பான்னு உயிரை எடுக்கிறான்.

— முதல்ல உட்காருங்க. ஹாலுக்கும் வாசலுக்கும் எத்தனை நடை? தரை தேஞ்சுடப் போகுது.

— உக்காந்து என்ன பண்றது? செவுத்தைப் பார்க்கிறதா? ஏதாவது ரிப்பேர் வந்தா ரெண்டு நாள் ஓடுது. முடிஞ்சதும் மறுபடி கால் அரிக்குது.

— அதுக்குத்தான்...

— எதுக்குத்தான்?

— கோபப்படாமக் கேளுங்க. குழாய் தானா கழண்டு வரலை. நட்டைத் தளர்த்தி வச்சது நான்.

— என்ன சொல்றே?

— பெல்லுல ஒயரைப் பிடுங்கினதும் நான்தான். மிக்ஸி, கீல், எல்லாம்.

— அயர்ன் பாக்ஸ்?

— அதுவும். அதோட ஸ்க்ரூ இன்னும் என் ஊசிநூல் டப்பாவுல இருக்கு.

— அடிப்பாவி. அதுக்காக ரெண்டு தடவை கடைக்கு அலைஞ்சேனே. ஷாக் அடிச்சிருந்தா?

— பிளக்கை எடுத்துட்டுத்தான் கை வச்சேன். முப்பது வருஷம் உங்களுக்கு டார்ச் பிடிச்சிருக்கேன். எந்த ஸ்க்ரூ எங்கே இருக்குன்னு எனக்குத் தெரியாதா?

— ஏம்மா, உனக்குப் பைத்தியமா?

— உங்களுக்குப் பிடிச்சுடக் கூடாதேன்னுதான். பையன் போன புதுசுல அவன் ரூம்ல, அவன் நாற்காலியில போய் உக்காந்துக்குவீங்க. கூப்பிட்டாத் திரும்பக்கூட மாட்டீங்க. ஒரு நாள் நிஜமாவே ஃபேன் நின்னு போச்சு. ஸ்க்ரூடிரைவரைத் தேடிக்கிட்டு எழுந்தீங்க பாருங்க, அன்னைக்குத்தான் சாப்பாட்டை ரெண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்க. சரி, இவருக்கு மருந்து இதுதான்னு நினைச்சேன்.

— அழுற குழந்தைக்குக் கிலுகிலுப்பையா?

— அப்படி இல்லைங்க.

— வேற எப்படி? கீலை மாட்டிட்டு உன்கிட்ட எவ்வளவு பெருமை அடிச்சேன். நீயும் உங்க கை பட்டாப் போதும்னு சொன்னே. மனசுக்குள்ள சிரிச்சிருப்பே.

— சிரிக்கலை. அடுத்து எதைக் கழட்டலாம்னுதான் கவலை. அது இப்படி வீட்டை விக்கிறதுல வந்து நிக்கும்னு கண்டேனா? பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கா முடிஞ்சிருச்சு.

— சரி, வீடு நல்லாத்தான் இருக்கு. பழுது நான்தான். அப்பவும் விக்கத்தான் வேணும்.

— ஏன்?

— இங்கே எனக்கு என்ன வேலை? அங்கேயாவது பையன் இருக்கான்.

— அவன் வாங்கன்னு சொன்னானா?

— சொன்னானே.

— என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க.

— இப்ப வேண்டாம்பா, ஒரு வருஷம் போகட்டும்னான். வித்துட்டுப் போய் வாசல்ல நின்னா விரட்டியா விடுவான்னு...

— தெரியும். போன வாரம் என்கிட்டயும் பேசினான். அப்பா தினம் ஆறு தடவை கூப்பிடறார், வேலை நடுவுல எடுக்க முடியலை, மனசு நோகாம எப்படிச் சொல்றதுன்னு கேட்டான்.

— ஆறு தடவையா கூப்பிடறேன்?

— ஒன்பது. பாவம், குறைச்சுத்தான் சொன்னான்.

— நீயும்தானே பெத்தே? உனக்கு மட்டும் கால் அரிக்கலையா?

— அரிச்சுது. அதான் காலையில நடக்கப் போறேன்.

— நடந்தாத் தீருமா? மூணு மணி நேரம் அப்படி எங்கேதான் நடக்கிறே?

— நடக்கிறது பத்து நிமிஷம். தபால் ஆபீசுக்குப் பின்னாடி ஒரு தையல் கூடம் இருக்கு. ஆஸ்பத்திரிக்கு உடுப்பு தைக்கிறாங்க. அஞ்சு மாசமா அங்கே பட்டனுக்குக் காஜா போடறேன்.

— அஞ்சு மாசமா? என்கிட்ட ஏன் சொல்லலை?

— நீங்க செவுத்தைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கும்போது, நான் சந்தோஷமா இருக்கேன்னு எந்த வாயால சொல்றது?

— ...இப்பப் புரோக்கருக்கு நான் என்ன பதில் சொல்றது?

— அது உங்க இஷ்டம். ஆனா அங்கே இருக்கிற பதினோரு மிஷின்ல நாலு நின்னு போய் ஒரு மாசம் ஆச்சு. சரி பண்ண ஆள் கிடைக்காம எல்லாரும் கையைப் பிசையறாங்க. சத்தியமா சொல்றேன், அந்த நாலுல நான் கை வைக்கலைங்க.